பட்டாளத்துக்குப் பெண் அனுப்பும் வேலை

பெண்களைப் பட்டாளத்துக்குத் தயார் செய்யும் தொழிலில் பெண்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவெல்லாம் அவர்களைப் பெற்றவர்களால்தான். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் காலை நேரத்தில் பெண்களுக்கு ஓட்டமும் தாண்டுதலும் சொல்லித்தருகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மாவட்டப் போட்டி வரைக்கும் ஓடியதுதான் எனக்கு இருக்கும் தகுதி. ஒன்றரை வயது மகள் யாழினியை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அவளையும் மைதானத்துக்குத் தூக்கிப்போகிறேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறவர்களும், அடுத்த வீட்டுப் பெற்றோருக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவர்களும் நான் சொல்வதை நம்புவீர்கள்.

வெயில்

தாரணி என்ற பெண் மையத்தில் சேர வந்த அன்று அவளுடைய அப்பா சென்னியப்பன் அண்ணனும் கூட வந்தார். கொப்பரைக் களம் வைத்திருப்பவர். உட்காருவதற்கு முன்பே, "பொம்பளப் புள்ளைகளுக்குப் பட்டாளம் எதுக்குங்க?" என்று ஆரம்பித்தார். துப்பாக்கி, பனிமலை, சண்டை என்று வரிசையாகக் கேட்பார் என நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. காலை வெயிலா, மத்தியான வெயிலா, மைதானத்தில் மரம் இருக்கிறதா, குடை பிடித்துக்கொண்டு ஓட அனுமதி உண்டா என்பதுதான் அவர் விசாரணை.

மகள் வீட்டில் சோறு தின்னாமல் அடம் பிடித்ததால் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். ஆள் எடுக்கும் நாள் வரைக்கும் தாரணி ஓடலாம். அதற்குள் நல்ல இடம் அமைந்தால் கல்யாணம், அமையாவிட்டால் பட்டாளம். இந்த ஆள் எடுப்பை விட்டால் அடுத்த தடவைக்குள் தாரணிக்கு வயது தாண்டிவிடும். இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அவர் சொன்னது: "குண்டு பட்டாக்கூடப் பரவால்லீங்க அம்மணி, கவர்மெண்ட்டு பார்த்துக்கும். வெயில் பட்டுக் கருத்துப்போச்சுன்னா யாருங்க பார்ப்பாங்க?"

உயரம்

பட்டாளத்தில் இவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தாரணி அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நின்றாள். அதனால் தினமும் கம்பியில் தொங்கவிட்டேன், முதுகை நிமிர்த்தி நிற்கப் பழக்கினேன். இதே நேரத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை தகைந்தார். நல்ல குடும்பம், நல்ல தோப்பு, ஆனால் பையன் கொஞ்சம் குட்டை. ஆகவே தாரணி வீட்டில் கல்யாணத் தரகரிடம் பெண்ணின் உயரத்தில் ரெண்டு அங்குலத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள்.

தரகருக்குச் சந்தேகம் வந்து, டேப்பை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்தால் தாரணி நிமிர்கிறாள், அவரைப் பார்த்தால் முழங்காலை மடக்குகிறாள். ஒரே பெண் ஒரே சுவரில் அளக்க அளக்க வேறு வேறு உயரம் காட்டினாள். அப்பா சொன்னதைத் தட்டவும் முடியவில்லை, நான் சொன்னதை விடவும் முடியவில்லை, பாவம். தரகர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "அம்மணி, பட்டாளத்துக்குக் காட்டற உயரத்தையே எனக்கும் காட்டச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு நான் செருப்ப மாத்திப் போட்டுக்கறேன்."

பாரம்

பாரம் தூக்கி ஓடுவதற்கு வைத்திருந்த மணல் மூட்டை ஒருநாள் கிழிந்துபோனது. வேறு மூட்டை வரும் வரைக்கும் யாழினியைக் கொடுத்தேன். மணல் மூட்டையைவிட இது உத்தமம். மூட்டையை நடுவில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். என் மகளை இறக்கி வைத்தால் மைதானமே கேட்கிற மாதிரி அழுவாள். அதற்குப் பயந்து யாருமே நிற்காமல் ஓடினார்கள். எனக்கும் அரை மணி நேரம் கை காலியாக இருந்தது.

தாரணி அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய நேரம் பார்த்து சென்னியப்பன் அண்ணன் வந்து நின்றார். ஒரு சுற்று, ரெண்டு சுற்று என்று பார்த்தார். சண்டைதான் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "நான்கூட என்னமோன்னு நெனச்சுப்போட்டேனுங்க. குடும்பத்துக்குத் தேவையானதத்தான் சொல்லித்தர்றீங்க. முடிஞ்சா இன்னொரு குழந்தையையும் ஏத்தி ஓட உடுங்க."

எல்லை

எல்லாப் பெற்றோரும் எதிர்ப்பு என்று சொல்லக்கூடாது. எங்கள் மையத்தில் பிரியா என்று ஒரு பெண். அவள் அம்மாவுக்கு மகள் பட்டாளத்துக்குப் போவதில் பரம சந்தோசம். தூரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லைன்னா எந்த எல்லைனாலும் எல்லைதானுங்களே? நம்ம கோபாலபுரத்தத் தாண்டுனா கேரளா. அங்க போட்டுத்தரச் சொல்லுங்க, நேரா பஸ் இருக்குது, மத்தியானச் சோத்த நானே கொண்டுபோய்க் குடுத்துருவேன்" என்றார்.

அங்கே எதிரி யாரும் இல்லையே அக்கா, பால் வண்டியும் தேங்காய் லாரியும்தானே போகிறது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எதிரி இல்லாத எல்லையாப் பார்த்துப் போட்டாத்தானுங்க புள்ள நிம்மதியாச் சண்டை போடும்."

வேலிக்கு வெளியே

கோயம்புத்தூரில் ஆள் எடுக்கும் நாள் வந்தது. உடுமலைப்பேட்டைக்காரர்களும் பெண் பார்க்க அதே நாளைத்தான் குறித்தார்கள். அந்த மாதத்தில் அவர்களுக்கு வேறு நல்ல நாள் இல்லையாம். சென்னியப்பன் அண்ணன் மகளுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார், மாப்பிள்ளை வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். மாற்றிப் பேசிப் பழக்கமில்லாத மனுசன். தாரணி விடிவதற்கு முன்பே என்னோடு பஸ் ஏறிவிட்டாள். அவர் ஒரு வேன் பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரைத் தட்டு, பலகாரம், பூவோடு ஏற்றி, மைதானத்து வேலிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். "இங்கயே பார்த்துக்கலாமுங்க. பொண்ணு உள்ளதான் ஓடிட்டிருக்குது" என்றார்.

யாழினியைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வேன் படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா கம்பி வேலியில் முகத்தை வைத்துத் தேடினார். உள்ளே எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி பனியனும் டவுசரும். "எதுங்க நம்ம புள்ள?" என்றார். "நாப்பத்தி மூணாம் நம்பருங்க" என்றார் தரகர். நாலாவதாக ஓடிக்கொண்டிருந்த தாரணி கடைசிச் சுற்றில் ரெண்டு பேரை முந்தி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப மரியாதையாக, சென்னியப்பன் அண்ணன் பக்கம் திரும்பினார். "புள்ள நல்லாத்தானுங்க இருக்குது, குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா மொதல்ல ஓடுதுங்களே, அது யாரூட்டுப் புள்ளைங்க? ஜாதகம் கெடைக்குமுங்களா?"

சென்னியப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். வேலியை ஒட்டி மகளோடு கூடவே ஓட ஆரம்பித்தார். "உடாத கண்ணு, அவள முந்து" என்று கத்திக்கொண்டே அந்தக் கோடி வரைக்கும் போனார். தாரணி முந்தவில்லை. ஆனால் தேறுவதற்கு இரண்டாவது இடம் தாராளமாகப் போதும்; மத்தியானத்துக்குள் உயரமும் தாண்டுதலும்கூடத் தேறிவிட்டாள். சென்னியப்பன் அண்ணன் ஓட்டம் முடிந்ததுமே மூச்சு வாங்க வேனுக்குத் திரும்பி வந்தார். கொண்டுவந்த பலகாரத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கே வற்புறுத்திச் சாப்பிடக் கொடுத்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் கைகூப்பினார். "கோவிச்சுக்காதீங்க. என்ற புள்ளைய பட்டாளத்துக்கே குடுக்கறதா முடிவு பண்ணிப்போட்டேனுங்க. அவுங்க ரெண்டாவதா வந்தாலும் எடுத்துக்கறாங்க."

பெண்கள் பட்டாளத்தில் சேரலாமா கூடாதா என்ற விவாதம் என் மைதானத்தில் தினமும் நடக்கிறது, ஆனால் இதுவரைக்கும் அதில் துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.