தராசில் ஏறிய லேகிய டின்

எங்கள் தீவின் பிளேன் மாக்னியன் விமான நிலையத்தில், விமானம் சின்னது என்பதால், பெட்டிக்கு மட்டுமில்லை, ஆளுக்கும் எடை பார்க்கிறார்கள். நான் லேகிய டின்னை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நிற்கிறேன். பக்கத்து ரீயூனியன் தீவில் வாழ்க்கைப்பட்ட என் மகள் பிள்ளை பெற்று ஏழு நாள் ஆகிறது. சுக்கும் மிளகும் இடித்துக் கிளறிய இந்த லேகியம் அவளுக்குத்தான்.

காலையில் போர்ட் லூயியில் ரயிலேறியதும் டின்னை உட்காரும் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரயில், பிறகு பஸ் என்று இங்கே வந்து சேரவே பாதிப் பகல் போய்விட்டது. கடலைத் தாண்ட விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதுமாம்.

எடை பார்க்கிறவர் என்னைத் 'தாந்தீன்' என்று அத்தை முறை வைத்து அழைக்கிறார்.

"தாந்தீன், சாமான் கூடிப்போச்சு. இந்த டின்னு இங்கயே இருக்கட்டும்."

அதிகாரிகளிடம் வாய் திறக்கிறவள் இல்லை நான். இருந்தும் டின்னோடு தராசில் ஏறி நிற்கிறேன்.

"முன்னால போனாரே அந்தப் பெரிய முசியே, நானும் டின்னும் சேர்ந்தாலும் அவரு எடைக்கு வருவோமா, தம்பி?"

அவர் முள்ளைப் பார்க்கிறார், சீட்டைப் பார்க்கிறார். வரிசையே சிரிக்கிறது. நான் முசியே என்று சொன்ன அந்தப் பருத்த ஐயாவும் தொப்பையைத் தடவிக்கொண்டு, "தாந்தீனை விடுப்பா, இல்லேன்னா என்னையில்ல இறக்கிடுவாங்க" என்கிறார்.

எடை பார்க்கிறவர் டின்மேல் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, போகலாம் என்று கை காட்டுகிறார்.

விமானத்தில் டின்னை அடியில் தள்ளவில்லை. எல்லோரும் பார்க்க மடியில் வைத்திருக்கிறேன். லேகியத்தைக் கொடுக்கும் முன்பே மகளிடம் சொல்லவேண்டும், அம்மா இன்று வாய் திறந்து பேசினாள் என்று.