ஜிம்மி தின்ற பச்சைப் பர்பி

போன வாரம் ஹோலிப் பண்டிகை. எங்களுக்கு அது கிடையாது. ஆனால் பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கிஷன் சிங்குக்கு உண்டு. சொந்தமாகக் குதிரை ஜட்கா ஓட்டுகிறவர். காலை பத்து மணிக்கு, முகமெல்லாம் சிவப்புப் பொடியோடு, ஒரு தட்டுப் பர்பி கொண்டு வந்து கொடுத்தார்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் வீட்டில் சமைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. தட்டை வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. சிரித்துக்கொண்டே வாங்குவோம். கொடுத்தவர் தலை மறைந்ததும் கொல்லைப்புறம் போய் எங்கள் நாய் ஜிம்மிக்குப் போடுவோம். ஆறு வருஷமாக ஹோலி, தீபாவளி எல்லாம் ஜிம்மிக்குத்தான்.

சிங் தட்டைக் கொடுக்கும்போது ஏதோ சொன்னார். நானும் தலையாட்டினேன். நாம் தின்னப் போவதில்லையே, எதற்குக் காது கொடுத்துக் கேட்பது?

பன்னிரண்டு மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, ஜிம்மி எழுந்திருக்க மாட்டேங்குது. எழுந்தா சாயுது."

ஓடினேன். நாலு காலும் நாலு பக்கம் போயின. தலை ஆடியது. வாயில் எச்சில். தன்னை அறியாமல் மூத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கெட்டை நகர்த்திய சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

நான் சாதாரணமாகவே பயந்தவன் — வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்க்கிறவன். தெருநாய்களுக்கு விஷ உருண்டை போடுகிறார்கள் என்று நாலு நாளாகப் பேச்சு வேறு. புளித்தண்ணீரைக் கரைத்து அதன் வாயைத் திறந்து ஊற்றப் பார்த்தேன். பாதி வெளியே வந்தது. மீதியில் புரை ஏறி இருமியது. பிறகுதான் தட்டில் இருந்த பர்பி ஞாபகம் வந்தது. பச்சைப் பர்பி... சிங் என்ன சொன்னார்? "பச்சை, பெரியவங்களுக்கு மட்டும்." பாதிதான் தின்ன வேண்டும் என்றும் சொன்ன மாதிரி இருந்தது. ஜிம்மி தின்றது ஆறு.

மிருக ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு ஜட்கா. யாருடையது என்று சொல்ல வேண்டுமா?

சிங் பண்டிகைச் சட்டையோடே குதிரையைப் பூட்டினார். ஜிம்மியைத் தானே தூக்கிக் கோணிமேல் படுக்க வைத்தார்.

"என்ன தின்னுச்சு, பாய்சாப்?"

"தெரியலையே."

வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வழியெல்லாம் எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்தார். கையைத் தட்டினார். நாய் துள்ளியது. அவரும் அதே கேள்விதான் கேட்டார். நானும் அதே பதில்தான் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. விஷ உருண்டைன்னா வலிப்பு அடங்க இப்பவே ஊசி போட்டுத் தூங்க வைக்கணும். வேற மயக்கச் சரக்கு ஏதாவது தின்னிருந்து, அதுமேல நான் தூக்க மருந்து கொடுத்தா மூச்சு நின்னு போகும். எது?"

நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மருந்தின் பேர் எல்லாம் தெரியாது. ஆனால் அவர் கையில் ஊசி தயாராக இருந்தது தெரிந்தது. சிங் ஜிம்மியின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

"பர்பி, டாக்டர். பச்சைப் பர்பி. ஆறு. சிங் வீட்டுது."

சிங் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

"அதுல பங்கி இருக்கு, டாக்டர் சாப், கஞ்சா இலை," என்றார் மெதுவாக. "நெய்யில காய்ச்சினது. மனுஷனுக்கே பாதி போதும்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். நல்லவேளை சொன்னீர்கள் என்றார். பங்கியோ கஞ்சாவோ, மனிதனுக்கு வேடிக்கை — நாய்க்கு அப்படி இல்லையாம். இனிப்பு, நெய் என்றால் எவ்வளவு என்று பார்க்காமல் விழுங்கிவிடும். ஏறும்போது தாமதமாக ஏறும், இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். சின்ன நாய் என்றால் உயிருக்கே ஆபத்து. புளித்தண்ணீர் கதையைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. மயங்கின நாய்க்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடுமாம். அவர் கொடுத்த யோசனை இவ்வளவுதான்: போர்த்துங்கள், சத்தம் வேண்டாம், இருட்டறை, பக்கத்தில் ஆள்.

ஜிம்மியோடு திரும்பினோம். ஏரிக்கரை வந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"நக்கோ, வேண்டாம் பாய்சாப். விடுங்க," என்றார். சாட்டையால் குதிரையைக் காட்டினார். "தைப்பொங்கலுக்கு உங்க வீட்லருந்து சக்கரைப் பொங்கல் வந்துதே. யாரு தின்னான்னு நெனச்சீங்க? இவதான். வருஷா வருஷம் இவதான்."

குதிரை காதை ஆட்டிக்கொண்டு நடந்தது. உருண்டு திரண்டு இருந்தது. இத்தனை நாள் கொள்ளின் மகிமை என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஜிம்மியைப் போர்த்திவிட்டாள். பிறகு, "முந்திரி எல்லாமா?" என்றாள்.

மறுநாள் மதியம் ஜிம்மி எழுந்தான். தள்ளாடிப் போய்த் தண்ணீர் குடித்தான். அதுவரை நானும் தூங்கவில்லை, அவன் மார்பில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

மரியாதைக்காக நாம் சொல்லும் சின்னப் பொய்களை எல்லாம் யாரோ ஒரு வாயில்லாத ஜீவன்தான் தின்று தீர்க்கிறது. அது நமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நாய் இருக்கலாம், அடுத்த வீட்டில் நல்ல மனிதரும் இருக்கலாம். நாய் தின்றதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். முடிந்தால் அடுத்த வீட்டுக்காரரிடமும்.

நேற்றுச் சாயங்காலம் சிங் மறுபடி தட்டோடு வந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை, நின்றார். அவர் எதிரிலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளைப் பர்பிதான்... இருந்தாலும் மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.