டீசல் பந்தி

என் மனைவி களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். கிருமிகளைக் கொல்வதற்கு அவளுக்குச் சம்பளம். அவற்றின் புகழ் பாடுவதற்கு எனக்கு. இருவரும் ஒரே சமையலறையில் இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருக்கிறோம் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் காரணம். தயிர் நன்றாக உறைந்த நாட்களில் மட்டும், "பார்த்தீரே என்ர ஆக்களின்ர வேலைய" என்பேன். அவள் கரண்டியை இன்னொரு தரம் கழுவுவாள்.

எங்கள் தொடர்மாடியில் மண் என்று சொல்லக்கூடியது கீழே கார்கள் நிற்கும் இடத்தின் மூலையில் மட்டும்தான். இன்னொரு கார் நிற்கும் அளவு. மற்றதெல்லாம் சீமெந்து. குடிவந்த புதிதில் என் மனைவி அந்த மூலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டாள். அது மதிலுக்கு மேலே வளர்ந்து முழுக் கட்டிடத்துக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. எந்த மாடியில் தேங்காய்ப்பால் சொதி கொதித்தாலும் கீழே ஒரு ஈர்க்குக் குறையும். அவள் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. இரவு வேலை முடிந்து காலையில் பஸ்ஸால் இறங்கி வரும்போது மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகுதான் லிஃப்டுக்குப் போவாள். நானும் வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் முதல் விசாரிப்பு மரத்துக்கு.

மின்வெட்டுக் காலத்தில் எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் சேர்த்து வைத்த பீப்பாய், மரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதன் குழாய் சொட்டியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த நாட்களில் டீசல் மணத்தால் யார் முகம் சுளித்தார்கள்? எங்கேயோ டீசல் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். பீப்பாயை உருட்டிப் பார்த்தபோதுதான் அது இலேசாக இருப்பது தெரிந்தது. மண் கறுத்துப்போய்ப் பிசுபிசுத்தது. மரம் மஞ்சளாகி இலை கொட்டத் தொடங்கியிருந்தது.

கட்டிடச் சங்கத்தைக் கூட்டினார்கள். தலைவர் வெள்ளவத்தைக் காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர், தங்கமானவர், ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "மரத்த வெட்டி மேல சீமெந்து போட்டா வேல முடிஞ்சுது தானே. கார் ஒண்டும் நிப்பாட்டலாம்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மனைவி மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் போவதைப் பார்த்தவள்; ஒரு மரத்துக்காக இப்படி இருப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிவிட்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ. மண்ணுக்குள்ள இதைத் தின்னுற ஆக்கள் இருக்கினம்," என்றேன்.

"சேர், டீசல யாரு திம்பாங்க?" என்று தலைவர் கேட்டார்.

கேட்டது அவருடைய பிழை. பற்றீரியாக்கள், பூஞ்சணங்கள், அவை எண்ணெயைத் துண்டு துண்டாக்கி உண்பது, கடைசியில் வெறும் காற்றும் தண்ணீரும் மிஞ்சுவது எல்லாவற்றையும் ஒரு பாடவேளைக்குக் குறையாமல் விளக்கினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கைபேசியை எடுத்தார்கள். என் மாணவர்களும் அதைத்தான் செய்வார்கள், ஆகவே நான் நிறுத்தவில்லை. கடைசியில் களைத்துப்போய்ப் பொங்கல் வரை தவணை தந்தார்கள்.

"சரியாப் போச்செண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் தலைவர்.

"அந்த மண்ணில பயறு போடுவம். பயறு முளைச்சாக் காணும், வேற சோதனை தேவையில்ல. மண் சுகம்."

இதை நல்ல சத்தமாகவே சொன்னேன். பிற்பாடு இந்த வசனம் எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

மின்வெட்டில் லிஃப்ட் நின்றிருந்தது. படியேறும்போது மனைவி மெதுவாகச் சொன்னாள்: "உண்மையாத்தானே சொன்னீங்கள்? என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லேல்லையே?"

"உண்மைதான்."

"அந்த மரம் போனால் இந்தக் கட்டிடத்தில என்ர எண்டு சொல்ல எனக்கு ஒண்டும் இல்ல," என்றாள். இருபது வருடம் கூட இருந்த நான் பக்கத்தில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டேன்.

வேலை தொடங்கியது. மண்ணைக் கொத்திக் கிளறி உள்ளே காற்றுப் போகவிட வேண்டும். காயவும் விடக்கூடாது, வெள்ளமாக்கவும் கூடாது. முக்கியமாக, கிருமிநாசினி ஒரு சொட்டும் விழக்கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொன்னபோது என் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இனிப் பத்தியச் சோறுதான் என்று கேட்ட சாப்பாட்டுப் பிரியனின் முகம். முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு வந்து, நான் கொத்துவதை விசிட் வந்த பெரிய டொக்டர் போலப் பார்த்தாள்.

"நோயாளிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டாள்.

"அதுதான் பிரச்சினை. டீசல் எண்டால் வெறுஞ்சோறு மாதிரி. இலை நிறையச் சோறு குவிச்சிருக்கு, கறி ஒண்டும் இல்ல. எவ்வளவெண்டு தின்னுறது? நைதரசன் வேணும், பொசுபரசு வேணும்."

அடுத்த நாள் அவள் மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு ஆட்டுப்பசளை வந்தது. கட்டிடத்துக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் இருந்த பூனைகளும் வந்தன. பூனைகளைத் துரத்துவது என் பொறுப்பானது. வகுப்பு முடிந்து வந்து, சேர்ட்டோடு, கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு மூலையில் நிற்பேன். தலைவர் காரை நிறுத்திவிட்டுப் போகும்போது கண்ணாடியை இறக்குவார்.

"சேர், மண்ணுக்கு டியூஷன் எப்பிடிப் போகுது?"

"பிள்ளைகள் கெட்டிக்காரர், தலைவர். ஃபீஸ்தான் குடுக்கினமில்ல."

உண்மையில் பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரராக இருக்கவில்லை. முதல் தரம் யோகட் கோப்பைகளில் அந்த மண்ணை நிரப்பிப் பயறு போட்டோம். ஒன்றும் வரவில்லை, பயறு கறுத்து ஊதிப் போனது. இரண்டாம் தரம் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன, கழுத்து வளைந்து, வேர் நுனி பழுத்து. மனைவி அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபத்தான கட்டம். ஆனால் இருக்கு," என்றாள். மூலையில் டீசல் மணம் குறைந்து மழைக்குப் பிந்திய மண் மணம் வரத் தொடங்கியிருந்தது. முதலில் அதைச் சொன்னதும் அவள்தான். முகக்கவசத்தை எந்த நாளில் கழற்றினாள் என்று நான் கவனிக்கவில்லை.

டீசலில் இலகுவான துண்டுகளைக் கிருமிகள் முதலில் தின்றுவிடும், வளையம் வளையமாக இருக்கும் கடினமான, நஞ்சுள்ள துண்டுகள் கடைசிவரை கிடக்கும் என்று அவளுக்கு ஒரு நாள் சொல்லியிருந்தேன். "எலும்பை ஆர் முதல் கடிப்பினம்," என்று விளங்கிக்கொண்டாள்.

எங்கள் கட்டிடத்தில் தைப்பொங்கலுக்குக் கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, சைவக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கீழே ஒரே பானையில் பொங்குவோம். அந்த இடத்தைக் கழுவிக் கோலம் போட வேண்டும். அந்த வருடம் தலைவருக்கு ஒரு நல்லெண்ணம் வந்தது. உங்கட பெருநாளுக்கு நான் கழுவித் தாறன் என்று கடையிலிருந்து பெரிய ஹோஸும் ஆட்களும் கொண்டுவந்தார். சுத்தம் என்றால் சுத்தமாக இருக்கட்டும் என்று வாளி வாளியாகக் குளோரினும் கரைத்து ஊற்றியிருக்கிறார். கார் நிற்கும் இடம் எந்தப் பக்கம் சரிவு என்று அவர் யோசிக்கவில்லை. சரிவு மூலைக்கு.

பொங்கலுக்கு முதல் நாள் காலை வகுப்பு முடிந்து நான் கேற்றுக்குள் நுழைந்தபோது வெள்ளை நுரை மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் என் மனைவி நின்றாள். அப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்திருக்கிறாள். வெள்ளைச் சீருடை, வெறுங்கால். சாப்பாட்டுப் பை, குடை, வாசல் கால்மிதி, இரண்டு செருப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அணை கட்டியிருந்தாள். குளோரின் தண்ணீர் அவளுடைய பாதத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரால் எல்லாவற்றையும் துடைத்தவள்.

"மிஸ், தள்ளுங்க, கால் எரியும். கிருமிதானே சாகும், நல்லதுதானே," என்றார் தலைவர்.

"தண்ணியை நிப்பாட்டுங்கோ," என்றாள். குரல் உயரவில்லை. வார்டில் அந்தக் குரலுக்குப் பெரிய டொக்டர்களே நிற்பார்களாம். "உள்ளுக்கு ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கினம். பந்தியில இருக்கிறவையை எழுப்பக்கூடாது."

தலைவர் அவளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவருடைய வீட்டிலும் பந்தி மரியாதை தெரிந்தவர்கள்தான். ஹோஸை மூடச் சொன்னார்.

"அப்ப அவங்க எப்ப சாப்பிட்டு முடிப்பாங்க, மிஸ்?"

"முடியேக்க சொல்லுறன்."

ஓரத்தில் கொஞ்ச மண் நனைந்துதான் போனது. அதை அள்ளி அப்புறப்படுத்தினோம். பொங்கலோடு தவணை முடிந்ததைத் தலைவர் ஞாபகப்படுத்தவில்லை; மூன்றாம் முறை பயறு போட்டோம். இந்தத் தரம் பயறைத் தலைவரே வாங்கிவந்தார், என் பயறில் அவருக்கு நம்பிக்கையில்லை. கோப்பைகளைத் தன் வீட்டு ஜன்னலில் வைத்துக்கொண்டார். ஒரு காலையில் அவரே எங்கள் கதவைத் தட்டினார். கோப்பை நிறையப் பச்சை. "சேர், இதுகள் என்ன, தலைய ஆட்டுதுகள்," என்றார், தானே பெற்றது போல. அதன் பிறகு சீமெந்துக் கதையை யாரும் எடுக்கவில்லை.

மரம் மொட்டையாகவே நின்றது. பட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன், சொல்லவில்லை. பங்குனி வெயிலில் அது கணுக்கணுவாகத் துளிர்த்தது. இலைகள் முற்றும்வரை யாரையும் தொட விடாமல் இருந்து, முதல் ஈர்க்கை அவள்தான் பறித்தாள். அன்றைக்குச் சொதி.

கறிவேப்பிலையை ஒதுக்குகிறவன் இல்லை நான். மென்று விழுங்குவதோடு, ஒதுக்குகிறவர்களுக்குப் பாடமும் எடுப்பேன். அன்று சோற்றின் மேல் வந்து விழுந்த இலையை என் விரல் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியது.

"என்ன?" என்றாள்.

"இல்லை, அந்த வளையத் துண்டுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். ஒருக்கா ஆய்வுகூடத்தில குடுத்துப் பார்த்திட்டு…"

"பயறு முளைச்சாக் காணும் எண்டு சங்கத்தில சொன்னது ஆர்?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் குளோரினுக்குள்ள வெறுங்காலோட நிண்டனான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கையை நீட்டி என் தட்டிலிருந்த இலையை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள்.

தண்ணீர் எடுக்கும் சாட்டில் எழும்பப் பார்த்தேன்.

"இருங்கோ," என்றாள். "சாப்பிடேக்க எழும்பக்கூடாது."

இன்னொரு கரண்டி சொதி விட்டாள். அதில் இரண்டு இலை இருந்தது. இரண்டையும் மென்றேன்.