பக்கத்து இருக்கையில் மணல்

அவருக்கு வேலை லிஃப்டுகளைச் சோதிப்பது. கட்டடம் முடிந்து, லிஃப்ட் பொருத்தி, ஆட்கள் ஏறுவதற்கு முன் அவர் வருவார். பின்னாலேயே ஒரு சிறிய லாரியில் இரும்புக் கட்டிகள் வரும். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் எட்டுப் பேரின் எடைக்குக் கட்டிகளை ஏற்றி, அதற்கு மேல் இன்னும் கால் பங்கு ஏற்றி, மேலும் கீழும் விட்டுப் பார்ப்பார். நடுவழியில் நிறுத்துவார். பிரேக், கயிறு, கதவு எல்லாம் சொன்னபடி கேட்டால் கையெழுத்துப் போடுவார். கேட்காவிட்டால் போடமாட்டார். கட்டடக்காரர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டும் போடமாட்டார்.

தான் கையெழுத்துப் போடாத லிஃப்டில் அவர் ஏறுவதில்லை. ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு வேறு ஆட்கள் கையெழுத்துப் போட்டிருந்ததால் ஐம்பத்திரண்டு வயதிலும் அவருடைய கால்கள் உறுதியாக இருந்தன.

மனைவி ஒரு லேபில் பல் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு ஊற்றிச் சிறு கத்தியால் செதுக்குவாள். பிறகு அதைப் பித்தளைத் தாடை ஒன்றில் பொருத்தி, மேல்பல் கீழ்ப்பல்லில் சரியாக உட்காருகிறதா என்று திறந்து மூடிப் பார்ப்பாள். தெருவில் யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கமாட்டாள். வாயைப் பார்ப்பாள். சில சமயம், "இது நம்ம லேப்" என்பாள்.

கல்யாணமானதிலிருந்து இருவரும் ஸ்கூட்டரில் போய்வந்தார்கள். முன்னால் அவர், பின்னால் அவள். ஒரு மாலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சாலையில் புதிதாக அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் மேல் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கி, மறுபடி நிமிர்ந்தது. அவள் விழுந்தாள். அவர் விழவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். சிக்னலில் நின்று, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "யாரைக் கேக்கறீங்க?" என்றார்.

அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. கத்தி பிடிக்கிற கை. கட்டுப் பிரித்த மறுநாள் அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அடுத்த நாளும் பஸ்தான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடட்டுமா?"

"எதுக்கு? பஸ் வாசல்லயே வருதே."

பஸ் வாசலில் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி வந்தது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவர் ஸ்கூட்டரை விற்றார். அவள் மறுபடி தன் வண்டியில் ஏற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு விருப்பம் எதுவும் இருக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை. வீடு வழக்கம்போல நடந்தது. குழாயும் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்று சக்கர வண்டியை அவருக்குக் காட்டியது அவளுடைய தம்பி. மெக்கானிக். எந்த வேலையையும் முக்கால்வாசி முடித்துவிட்டு, "மிச்சம் ஓடும்போது தானா சரியாயிடும்" என்பான். அதனால் அவனுக்கு முக்கால் என்று பெயர். அவனுடைய கடைக்கு விற்பனைக்கு வந்திருந்தது அந்த வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் அகலமாக ஒன்று. கூரை இல்லை, கதவு இல்லை. பாயப்போகிற தவளை மாதிரி தரையோடு பதுங்கியிருந்தது. வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் வாங்குவது. முதலில் வாங்கியவருக்குப் பைத்தியம் தெளிந்து இடுப்பு வலி வந்திருந்தது.

"மாமா, இதைப் பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வரும்" என்றான் முக்கால்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு இருக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைகளால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். சாயவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அப்போதும் சாயவில்லை.

வண்டி குடியிருப்புக்கு வந்த அன்று காவல்காரர் கேட்டைத் திறக்காமல் யோசித்தார்.

"சார், இது காரா, பைக்கா?"

"மூணு சக்கரம்."

"அப்ப ஆட்டோவா?"

"ஆட்டோவுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டு. இதுக்கு முன்னால ரெண்டு."

"ஓ. ரிவர்ஸ்ல போற ஆட்டோ."

அவர் அதையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றார். கார் வரிசைக்காரர்கள் அது கார் இல்லை என்றார்கள். பைக் வரிசைக்காரர்கள் மூன்று பைக் நிற்கிற இடம் போகும் என்றார்கள். கடைசியில் ஜெனரேட்டருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இடம் கிடைத்தது.

மனைவி இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கூரை எங்கே?"

"கிடையாது."

"மழை வந்தா?"

"நனையும்."

"நாம?"

"நாமும்தான்."

அவள் பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, எப்ப ஏறலாம்?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து அதற்கான வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். அவை வீணாயின. வாயில் வந்தது தொழில் வாக்கியம்.

"சோதிச்சுட்டுச் சொல்றேன்."

சோதிக்க ஆரம்பித்ததும் தெரிந்தது. எஞ்சினின் பலம் முழுவதும் அந்த ஒற்றைப் பின்சக்கரத்தில் இறங்குகிறது. ஈரத்தில் அது வாலை ஆட்டும். டயரை மாற்றினார். மழைச் சாலையைக் கவ்வுகிற மெத்தென்ற ரப்பர். டயர் அகலமானதால் மட்கார்டை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு பிரேக் கட்டைகள். பிறகு பிரேக் குழாய்கள், இரும்பு வலை சுற்றியவை. பிறகு தோள் இரண்டிலும் இறங்குகிற பெல்ட். காற்று முகத்தில் அடிக்காமல் ஒரு கண்ணாடி. கண்ணாடி அதிர்ந்ததால் அதற்கு இரண்டு தாங்கி.

"மாமா, எல்லாரும் வேகமாப் போறதுக்கு சாமான் மாத்துவாங்க" என்றான் முக்கால், வண்டிக்கு அடியில் படுத்தபடி. "நிக்கறதுக்கு மாத்தற ஒரே ஆள் நீங்கதான்."

"நிக்காத வண்டி எதுக்கு?"

"சரி, அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கின்னு சொல்லு."

அக்கா முதலில் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனிக்கவில்லை. அந்த வாரம் பின்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங் வந்திருந்தது. அவள் பஸ்ஸுக்கு மாதப் பாஸை விட்டுவிட்டு வருடப் பாஸ் எடுத்தாள். அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டுமானால், அதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு முன் ஸ்பிரிங்கையும் மாற்றினார்.

பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கிடங்குகள் இருக்கிற ஆளில்லாத சாலைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு பழைய போர்வையைச் சுற்றி, பெல்ட்டை மாட்டினார். காற்றின் இழுப்பையும் சேர்க்க வேண்டும் என்பதால் மேல் மூட்டைக்கு ஹெல்மெட் போட்டார். பிரேக் அடித்தார். வளைத்தார். ஒரு வளைவில், "பிடிச்சுக்கோ" என்று மூட்டையிடம் சொன்னார்.

விஷயம் காவல்காரர் வாயால் வெளியே வந்தது. காய்கறிப் பையோடு வந்த அவளிடம் அவர் மரியாதையாகச் சொன்னார்.

"அம்மா, சாரோட வண்டியில உக்காந்தா நீங்க அசையறதே இல்லம்மா. நான் கவனிச்சிருக்கேன். பெல்ட்டும் ஒழுங்காப் போட்டுக்கறீங்க. என் வீட்டுல சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க."

"நான் அந்த வண்டியில ஏறினதே இல்லையே."

காவல்காரர் கேட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அப்ப நான் சரியாப் பாக்கலை" என்றார்.

அடுத்த ஞாயிறு கணவர் கீழே போன கொஞ்ச நேரத்தில் அவளும் இறங்கினாள். அவர் ஹெல்மெட்டின் நாடாவை மூட்டையின் கழுத்தில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருங்க இது?"

"மணல்."

"அது தெரியுது. ஏன் ஹெல்மெட் போட்டிருக்கு?"

அவர் காற்றைப் பற்றிச் சொன்னார். எடையைப் பற்றிச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"யாரு எடை?"

"உன் எடைதான். டாக்டர்கிட்ட போனப்ப பார்த்தேன்."

"இத்தனை மாசமா என் இடத்துல இதை உக்கார வெச்சு ஊர் சுத்தியிருக்கீங்க."

"சோதனைதான்."

"பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் ஒண்ணு..."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஜெனரேட்டர் பக்கம் தள்ளினாள். கடைசி மூட்டை கனத்தது. அவர் உதவினார், தான் எதற்கு உதவுகிறோம் என்பது தூக்கிய பிறகுதான் உறைத்தது. அவள் மணலைத் தட்டிவிட்டு இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டியை."

சோதனை முடியாத ஒன்றில் ஆளை ஏற்றுவது அவருக்கு அதுவே முதல் தடவை. கேட்டைத் தாண்டுவதற்குள் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. முதல் வேகத்தடையை அவர் மிக மெதுவாகத்தான் ஏறினார். ஆனாலும் வண்டி அவளைப் பெல்ட் இழுத்துப் பிடிக்கும் அளவுக்குத் தூக்கிப் போட்டது. அடுத்து ஒரு சின்னப் பள்ளம். அங்கேயும் தூக்கியது. அதற்கடுத்து எதுவும் இல்லை. அங்கேயும் லேசாகத் தூக்கியது. மணல் ஒருநாளும் இப்படிக் குதித்ததில்லை.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"கடியே மாறிப்போச்சு" என்றாள்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பஸ் நிறுத்தம் ஒன்று இருந்தது. நாமே சொல்லிவிடுவது கௌரவம் என்று தோன்றியது.

"பஸ் ஸ்டாப் இருக்கு. வேணும்னா இறங்கிக்கோ."

அவளும் அதைப் பார்த்தாள். "பாஸ் வீட்டுல இருக்கு. முக்கால் எழுந்திருப்பானா?"

"ஞாயித்துக்கிழமை."

"எழுப்புவோம்."

முக்காலின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. வாயில் பிரஷ்ஷோடு வந்தவன் அக்காவை அந்த இருக்கையில் பார்த்ததும் பிரஷ்ஷை வெளியே எடுத்தான்.

"டேய், ஸ்பிரிங்கை எவ்வளவு எடைக்கு வெச்சே?"

"மாமா சொன்ன எடைக்குத்தான்க்கா."

"என்ன சொன்னார்?"

முக்கால் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு எண்ணைச் சொன்னான்.

"அடப்பாவி, அவ்வளவு எடையாடா இருக்கேன் நான்?"

"நீ மட்டும் இல்லக்கா. நீயும், உன் எடையில கால் பங்கும். மாமா அப்படித்தான் வெக்கச் சொன்னார்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அந்தக் கால் பங்கு யாரு?"

"லிஃப்டுக்கு அப்படித்தான் ஏத்துவோம்" என்றார் அவர். "கூட யாராவது ஏறிட்டாங்கன்னா?"

"இதுல கூட யாரு ஏறுவா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். இரண்டு இருக்கைதான் இருந்தது. ஒன்றில் அவர். இன்னொன்றில் அவளைத் தவிர யாரும் ஏறப்போவதில்லை. வராத கால் பங்கு ஆளுக்காக மணலையும் கூட்டி, ஸ்பிரிங்கையும் இறுக்கி வைத்திருந்தார். வந்தவளை அது தூக்கிப் போட்டது.

"இறங்கிக்கோக்கா, தளர்த்திடறேன்" என்று முக்கால் கொக்கி ஸ்பானரை எடுத்தான்.

"நான் ஏன் இறங்கணும்? நான்தானே எடை?"

"சோதனை நடக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது" என்றார் அவர். அவர் தொழிலில் முதல் விதி அது.

"எங்க லேப்ல ஆள் இல்லாம அச்சை மட்டும் வெச்சுத்தான் பல்லு செய்யறோம். கடைசியில டாக்டருங்க வாயில வெச்சுக் கடிக்கச் சொல்லிட்டுத்தான் ராவுவாங்க. கடிக்காம எப்படித் தெரியும்? நீ திருகுடா."

முக்கால் மாமாவைப் பார்த்தான். மாமா தலையசைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முக்கால் அடியில் படுத்து ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருகினான். அவள் இருக்கையில் எழும்பி எழும்பி உட்கார்ந்து பார்த்தாள். "இன்னும்" என்றாள். திருகினான். "இன்னும் கொஞ்சம்." லிஃப்ட்காரர் வண்டியின் மறுபக்கம் நின்றார். வேலையில் அவர் கையில் எப்போதும் எதையாவது பிடித்திருப்பார். இப்போது பிடிக்க எதுவும் இல்லை. பக்கத்து இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப?" என்றான் முக்கால்.

"இப்ப ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

திரும்பி வரும்போது வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது. அவள் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடி மாறவில்லை. அவள் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தாள். ஸ்கூட்டரில் இத்தனை வருடமும் அவள் பார்த்தது அவருடைய சட்டைக் காலரை.

"வண்டி ஓட்டும்போது எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"வாயைத் திறந்துக்கிட்டு."

அவர் மூடிக்கொண்டார். தெருமுனை வருவதற்குள் அது மறுபடி திறந்துகொண்டது.

"கீழ்ப்பல்லு ஒண்ணு நல்லாத் தேஞ்சிருக்கு. கோரைப்பல். தூக்கத்துல கடிக்கறீங்க."

"அப்படியா? எவ்வளவு நாளா?"

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து, தொழிற்கண்ணோடு பார்த்தாள்.

"தேஞ்ச அளவைப் பார்த்தா நாலு வருஷம் இருக்கும்" என்றாள்.

ஸ்கூட்டரை விற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருந்தது. வேகம் இன்னும் குறைந்தது. நடந்து போன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். அவள் அதையும் பார்த்தாள்.

"லேபுக்கு வந்தீங்கன்னா அளவெடுத்து ராத்திரி போட்டுக்க பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தரேன்" என்றாள். "நாளைக்கு என்னை விடும்போதே எடுத்துடலாம். இப்ப கொஞ்சம் வேகமாப் போங்க. பின்னால பஸ்காரன் ஹார்ன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோயிட்டான்."