இரண்டு இருக்கை விமானமும் ஒரு கேள்வியும்

பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. முதலில் எண்கள் அமுங்கும் ஒலி, பிறகு இரண்டு பூனைகள் ஒன்றையொன்று பிறாண்டுவது போல ஓர் அலறல், கடைசியில் நீண்ட இரைச்சல். யோகமலர் தாச்சியில் கத்தரிக்காயைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். இரைச்சல் அடங்கியது. கதிரை இழுபட்டது. ஒரு மணித்தியாலமாக மாறி மாறி முயன்று, இப்போதுதான் தொலைபேசி வழியாகக் கணினிக்கு இணைப்புக் கிடைத்தது.

“வந்திட்டுதோ?” அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

“பொறு.”

“உங்கட றோஸ்மேரி என்ன சொல்லுறா?”

“பொறப்பா. இப்பதான் ஒவ்வொண்டா இறங்குது.”

“இனி இந்த வீட்டுக்கு ஒருத்தரும் போன் எடுக்கேலாது. ஆர் செத்தாலும் எங்களுக்குத் தெரியாது.”

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு ஈரக்கையோடு போய் அறை வாசலில் நின்றாள். திரையின் வெளிச்சத்தில் அவளுடைய கணவர் இராஜரட்ணத்தின் முகம் காய்ச்சல்காரனின் முகம் போல இருந்தது. மூன்று நாட்களாக அந்த முகம் அப்படித்தான் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துநாயகம் அண்ணைக்கு இன்று இருட்டுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அவருடைய விமானத்தை வாங்குவதா, இல்லையா?

ஆம், விமானம்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சின்ன விமானம். ரொறன்ரோவின் மல்வேர்னில் வரிசை வீடொன்றில் வாடகைக்கு இருக்கும் ஒரு மனிதருக்கு விமானம் எதற்கு என்று 1997ஆம் ஆண்டின் அந்த இலையுதிர் காலத்தில் கேட்காதவர் இல்லை.

இராஜரட்ணம் கார் ஓட்டப் பழக்குகிறவர். ஸ்காபரோவின் வீதிகளில் கூரையில் மஞ்சள் பலகையோடு ஊர்ந்து திரியும் கார் அவருடையது. நாற்பத்தேழு வயது. கோபம் வராது. ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. எந்த மாணவியும் காருக்குள் ஏறுவதற்கு முன் காரை ஒரு தடவை சுற்றி வர வேண்டும், நாலு ரயரையும் பார்க்க வேண்டும், குனிந்து கீழே எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மழையென்றாலும், பனியென்றாலும். அவரிடம் பழகிய பெண்கள் வீட்டில் அடுப்பைக்கூடச் சுற்றிவந்துதான் பற்றவைப்பார்கள் என்று மல்வேர்னில் ஒரு பகிடி இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் நஸ்லியா என்ற மாணவியைப் பழக்கிக்கொண்டு மார்க்கம் நகருக்கு வடக்கே போனபோது, வீதியோரத்தில் ஒரு சிறிய விமானத்திடல் இருந்தது. காரை நிறுத்தச் சொன்னார். வேலிக்கு மேலால் ஒரு விமானம் தாழ்ந்து, அவசரமே இல்லாமல் வந்து புல்லுக்குப் பக்கத்தில் இறங்கியது. ஊரில் குண்டு போட வந்த விமானங்களைக் கண்டு ஓடிப் பதுங்கியவர், வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு விமானத்தை ஓடாமல் நின்று பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வந்து யோகமலரிடம் சொன்னார்: “கீழ கிடந்து மேல பாத்தது காணும். ஒருக்கா மேல இருந்து கீழ பாக்கோணும் போல கிடக்கு.” அவள் சிரிக்கவில்லை.

கையில் காசு மிஞ்சும்போது ஒரு மணித்தியாலம், வானம் தெளிந்தால் இன்னொரு மணித்தியாலம் என்று நான்கு வருடம் பழகி லைசென்ஸ் எடுத்தார். யோகமலர் ஒவ்வொரு தடவையும் காருக்குள் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். ஒருநாள் கண்ணைத் திறந்து சொன்னாள்: “வாங்கினா மற்ற சீற்றில நான்தான் இருப்பன். போறதெண்டா ரண்டு பேருமாப் போவம். தனிய விடமாட்டன்.”

ஆக, வாங்கப்போகும் விமானத்தில் ஏறப்போவது இரண்டு உயிர்.

மகள் நிலாணி வாட்டர்லூவுக்குப் படிக்கப் போகும்போது பழைய கணினியை விட்டுப்போனாள். போகுமுன் அவள்தான் அந்தக் குழுவையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்த ஒரே ரக விமானத்தை வைத்திருக்கும் முந்நூறு சொச்சம் பேர் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் எழுதும் குழு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். விமானம் இல்லாத இராஜரட்ணத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘வரவேற்கிறோம், ராஜ்’ என்று பதினாலு பேர் எழுதினார்கள். இந்த நாட்டில் பதினொரு வருடத்தில் அவரை இப்படிப் பதினாலு பேர் ஒரே நாளில் வரவேற்றதில்லை. அத்தனை கடிதங்களையும் அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் கட்டி வைத்திருக்கிறார்.

அந்தக் கோப்புத்தான் அவருடைய ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது. முதலில் பளபளவென்று பெயின்ற் அடித்த விமானம்தான் வேண்டும் என்று நினைத்திருந்தார். புதுப் பெயின்ற் எதையாவது மறைக்கத்தான் அடிக்கப்படுகிறது என்று ஒரு பல் வைத்தியர் எழுதினார். ஓடாத விமானம் ஓடுகிறதைவிட வேகமாக உக்கும் என்றார் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். மனிற்றோபாவில் கோதுமைக் காணிக்கு நடுவே தனியாக இருக்கும் றோஸ்மேரி, எழுபது வயதிலும் பறக்கிறவள், எழுதிய வரியை அவர் சிவப்புப் பேனையால் கோடிட்டிருந்தார்: ‘விற்பவரின் மெக்கானிக்கை நம்பாதே, உன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ. விற்பவரை உனக்கு எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவுக்கு அது அவசியம்.’

அந்த வரிதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஆவணி மாதத்தில் கிறிஸ்துநாயகம் அண்ணை தாமாகவே கூப்பிட்டு, “என்ர பிளேனை நீ எடு, தம்பி” என்றபோது கடவுளே அனுப்பியது போலத்தான் இருந்தது. இராஜரட்ணம் விமானம் தேடுவதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவர் எழுபதுகளிலேயே கனடாவுக்கு வந்த எஞ்சினியர், யூனியன்வில்லில் மனைவி ஜெசிந்தாவோடு சொந்த வீட்டில் இருக்கிறார். கண் பார்வை மங்கியதால் பறக்கும் அனுமதியை வைத்தியர்கள் நிறுத்திவிட்டார்கள். 1986 மார்கழியில் மெல்லிய சேட்டோடும் சேலையோடும் வந்திறங்கிய இராஜரட்ணத்தையும் யோகமலரையும் முன்பின் தெரியாமல் விமான நிலையத்தில் வந்து சந்தித்து, கையோடு கொண்டுவந்த குளிர் கோட்டுகளை அவரே பிடித்துப் போட்டுவிட்டவர். அந்த மனிதரிடம் போய், ‘உங்கள் சாமானை வேறொருவனைக் கொண்டு சோதிக்கப் போகிறேன்’ என்று எந்த வாயால் சொல்வது?

போய்ப் பார்த்தபோது விமானம் ஒரு குளத்தருகே புல்லில் நின்றது. வருடாவருடம் சோதித்ததற்கான கையெழுத்து விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் கையெழுத்திட்டவர் அண்ணையின் இருபது வருட நண்பர். அண்ணை விமானத்தின் இறக்கையைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார். அந்தச் செட்டையைத் தாங்கும் கம்பி பொருந்தும் இடத்தில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை இராஜரட்ணம் கண்டார். அலுமினியம் உக்கினால் அப்படித்தான் பொடியாக வரும் என்று கோப்பில் படித்திருந்தார். கண்டும் என்ன சொன்னார்? “நல்ல பிளேன், அண்ணை.”

வீட்டுக்கு வந்து வியாழக்கிழமை குழுவுக்கு எல்லாவற்றையும் கொட்டி எழுதினார். பெயர் மட்டும் போடவில்லை. ‘எனக்குத் தகப்பன் போன்ற ஒருவர். பாதிக் கண் தெரியாது, ரோசக்காரர். கேட்டால் மனம் உடைந்துபோவார். கேட்காவிட்டால் என் மனைவியை ஏற்றிக்கொண்டு எப்படிப் பறப்பேன்?’ பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பற்றித் தமிழில் வாய்விட்டுப் பேசும் அதே துணிச்சல். அந்த முந்நூறு பேரில் நம்மவர் யார் இருக்கப்போகிறார்?

“எத்தினை பேர் எழுதியிருக்கினம்?” யோகமலர் கேட்டாள்.

“பதினெட்டு. எல்லாரும் கேள் கேள் எண்டுதான் சொல்லுகினம். றோஸ்மேரி மூண்டு தரம் எழுதிப்போட்டா. அவைக்கு லேசு.”

“நஸ்லியாவைக் கொட்டுற மழையில நிப்பாட்டி ரயர் பாக்க வைச்சனியள். உங்களுக்கு ஒரு கேள்வி கேக்க வாய் வரேல்லையோ?”

“அது கார்.”

“ஓம், கார் நிண்டா இறங்கி நடக்கலாம்.”

அவர் தலையைக் குனிந்தார். பிறகு கடைசிக் கடிதத்தைக் காட்டினார். ஒரு மணித்தியாலத்துக்கு முன் அனுப்பியது. பெயரில்லை, முகவரி வெறும் எழுத்தும் எண்ணும். ‘வாங்காதே. அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் உனக்கே தெரியும். உன்னை மகன் போல நினைக்கிற மனிதர் என்றால் கேட்டதற்காகக் கோபிக்கமாட்டார். கேட்காமல் விட்டால்தான் அவருக்கு நித்திரை வராது.’

இருவரும் அதை இரண்டாம் தரம் வாசிக்கும்போது வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்த யோகமலர் திகைத்துப்போனாள். கிறிஸ்துநாயகம் படிக்கட்டில் கைபிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். கக்கத்தில் ஒரு பொலித்தீன் பை. அவருக்குப் பின்னால் வீதியில் ஒரு ராக்சி இரைந்துகொண்டு நின்றது.

“போன் அடிச்சு அடிச்சுப் பாத்தன், பிள்ளை. எங்கேஜ். அதுதான் வந்தனான். ராக்சியை நிக்கச் சொல்லியிருக்கு, கன நேரம் இருக்கேலாது.”

கோட்டைக் கழற்றிச் சோபாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அறைக்குள்ளிருந்து வந்த இராஜரட்ணம் உட்காரவில்லை.

“அண்ணை, நானே வர இருந்தனான்...”

“வந்து? நல்ல பிளேன் எண்டு சொல்லவோ?”

இராஜரட்ணம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“பாதிக் கண் எண்டு எழுதியிருந்தாய். சரி. ரோசக்காரன் எண்டு எழுதியிருந்தாய். அதுவும் சரி.” கிழவரின் குரல் தணிந்தே இருந்தது. “ஜெசிந்தாதான் எனக்கு எல்லாம் வாசிச்சுக் காட்டுறவ. உன்ர கடிதத்தை வாசிச்சு முடிச்சா. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. எழும்பித் தேத்தண்ணி போடப் போயிட்டா.”

“ஐயோ அண்ணை!” யோகமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்களும்... அந்தக் குழுவில...?” என்றார் இராஜரட்ணம்.

“அந்தப் பிளேன் வைச்சிருக்கிறவையின்ர குழு. நான் இல்லாம ஆர் இருக்கிறது? ரண்டு வருசமா வாசிக்கிறன். எழுதுறேல்லை. ரொறன்ரோ ராஜ் நீதான் எண்டு முதல் மாசமே தெரியும். பெயின்ற்றைப் பற்றிக் கேட்டாய், எலி மூத்திரம் அலுமினியத்தை அரிக்குமோ எண்டு கேட்டாய். நல்ல கேள்வியள். இவன் பாத்து வாங்குவான், இவனுக்குத்தான் குடுக்கோணும் எண்டு நினைச்சுத்தான் ஆவணியில உன்னைக் கூப்பிட்டனான்.”

அடுப்பில் கத்தரிக்காய் கருகும் மணம் வந்தது. யோகமலர் ஓடிப்போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.

“கோவமாத்தான் இருந்தது. வெள்ளி முழுக்க. பிறகு யோசிச்சன். கேக்கப் பயப்பிடுற மாதிரி நான் இவனுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறன்? ஒரு கோட்டுத்தானே?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேற்று வேற மெக்கானிக் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைத் திறந்தன். விரலால அமத்தினன், தம்பி. ரஸ்க் பிஸ்கற் மாதிரி நொருங்குது. ஜெசிந்தாவை அதிலதான் போன வருசம் வரைக்கும் ஏத்தித் திரிஞ்சனான்.”

இராஜரட்ணம் தரையில் அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் கடைசிக் கடிதம்...”

“நான்தான். நான் சொல்லச் சொல்ல அவ அடிச்சவ. உன்ர முகத்துக்கு நேரே என்ர பிளேன் உக்கிப்போச்சு எண்டு சொல்ல வாய் வரேல்லை. அங்க, இங்கிலீசில, பேரில்லாமச் சொல்ல வந்திது. அனுப்பின பிறகு வெக்கமாப் போச்சு. அதுதான் போன் எடுத்தனான்.”

யோகமலர்தான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். “நல்ல ஆம்பிளையள். மல்வேர்னுக்கும் யூனியன்வில்லுக்கும் இடையில இருக்கிற கதையை மனிற்றோபாவில ஒரு மனிசியைச் சாட்சிக்கு வைச்சுப் பேசியிருக்கிறியள்.”

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் வழிந்தது.

வெளியே ராக்சி கோர்ண் அடித்தது. அவர் எழ முயன்றார். இராஜரட்ணம் அவருடைய முழங்காலைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணை.”

“என்ன?”

“உங்கட பிளேனை... என்ர மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து ஒருக்காப் பாக்கட்டோ?”

விடை தெரிந்துபோன கேள்விதான். ஆனாலும் அவர் அதை நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டார். கிறிஸ்துநாயகம் மங்கிய கண்களை அந்தக் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

“பார், தம்பி,” என்றார். “வடிவாப் பார்.”

பொலித்தீன் பையிலிருந்து விமானத்தின் பதிவுப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். “உது இஞ்ச இருக்கட்டும். நீ வாசி. பிளேனைக் கழட்டித்தான் விக்கோணும், எஞ்சின் நல்ல எஞ்சின். நீ அடுத்ததைப் பாக்கப் போகேக்க எனக்குச் சொல்லு. கண்தான் தெரியாது, விரல் இருக்கு.”

“சொல்லாமப் போவனே?”

“அந்த மனிற்றோபா மனிசிக்கும் ஒரு பதில் போடு. பாவம், காத்துக்கொண்டிருக்கும்.”

யோகமலர் கருகாத துண்டுகளாகப் பார்த்துக் கத்தரிக்காயை ஒரு டப்பாவில் போட்டு, “அக்காவுக்குக் குடுங்கோ” என்று அவர் கையில் திணித்தாள். இராஜரட்ணம் சோபாவிலிருந்த கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார். கிழவர் ஒரு கையை நுழைத்தார், டப்பாவை மாற்றிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையையும் நுழைத்தார். கொலரைச் சரிசெய்துவிட்டு இராஜரட்ணம் அவரைப் படியால் இறக்கி, ராக்சிக் கதவைத் திறந்து ஏற்றிவிட்டார். சாரதி புறப்படப்போகும்போது “ஒரு நிமிசம்” என்று கையைக் காட்டிவிட்டு, பழக்கதோசத்தில் அந்த ராக்சியை ஒரு தடவை சுற்றிவந்து நாலு ரயரையும் பார்த்தார்.

அது திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டுக் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் உள்ளே வந்ததும் யோகமலர் கதவைச் சாத்தினாள்.