மிதவைக்கு நேரே நிறுத்திய கேமரா

தூரத்தில் ஓடுவதை, பறப்பதைப் படம் எடுக்க கேமராவைக் கையில் பிடிப்பது நல்லதா, ஸ்டாண்டில் வைப்பது நல்லதா என்று இளசுகள் யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "எப்படியாவது எடுத்துத் தொலையுங்கள், என்னைக் கேட்காதீர்கள்" என்று எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்த கிழவன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கப்பல் மாலுமி ஒருவரிடம் நானூறு எம்.எம். டெலி லென்ஸ் ஒன்று வாங்கினேன். முழங்கை நீளம், அம்மிக்குழவிக் கனம். கரையில் நின்றே கடலில் போகிறவன் மீசையை எண்ணிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதைக் கேள்விப்பட்டுத்தான், திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மர வள்ளப் போட்டியைப் படம் எடுத்துத் தரும்படி விழாக் கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

வள்ளங்கள் கரையிலிருந்து கிளம்பி, கொடி கட்டிய மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். காற்றுக்கு வள்ளம் சாயாமலிருக்க, பக்கவாட்டில் நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுப்பார்கள். எவனாவது தவறி விழுந்தால் அவனுக்காக வள்ளத்தைத் திருப்பும் வழக்கம் கிடையாது. எல்லாருக்கும் பின்னால் ஒரு விசைப்படகு வந்து அவனை அள்ளிப் போட்டுக்கொள்ளும். கரைக்கு வந்தபின் ஒரு வாரம் அவனைக் கேலி செய்தே தீர்ப்பார்கள்.

கடற்பாலத்தின் நுனியில் நான் நின்றேன். கூட என் கூட்டாளி, துறைமுக ஆபீஸ் குமாஸ்தா. அவருக்கும் கேமராப் பைத்தியம் உண்டு. போட்டி தொடங்கியதும் ஒரு வள்ளம் பாலத்துக்குக் கிட்டத்தில் சீறிக்கொண்டு போனது. பலகையின் நுனியில் இருந்தவன் என் லென்ஸைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். கையில் பிடித்தபடியே அமுக்கினேன். காற்றில் லென்ஸ் ஆடியது எனக்கே தெரிந்தது.

"சனியன், ஆடிட்டு" என்றேன்.

"ஆடினா ஆடட்டும்வே. கையிலேயே பிடியும். கண்ணு போற எடத்துக்குக் கையும் போவும். ஸ்டாண்டுல ஏத்துனீருன்னா ஒரே எடத்தையே முறைச்சுக்கிட்டு நிக்கும்" என்றார் குமாஸ்தா.

"ஒம்ம வேலையப் பாரும்வே. யாருக்குப் பாடம் நடத்துதீரு?"

ஸ்டாண்டின் மூன்று கால்களையும் பாலத்துப் பலகை இடுக்கில் ஊன்றினேன். மிதவைக்கு நேராக லென்ஸை நிறுத்தி, திருகை இறுக்கி, தள்ளி நின்றே பொத்தானை அமுக்கும் கேபிளை மாட்டினேன். இனிக் கண்ணைக் கேமராவில் வைக்கவே வேண்டாம். வள்ளம் மிதவைக்கு வரும்போது கேபிளை அமுக்கினால் போதும். அமுக்கவும் பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளவும் வலது கை. இடது கை சும்மா. குமாஸ்தா கடலைப் பொட்டலத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

மிதவைக்கு முதலில் வந்த வள்ளமே ஜெயித்தது. ஆனால் கரை சேர்ந்தபோது அதில் ஓர் ஆள் குறைந்தது, பலகை நுனியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தவன். விசைப்படகு தூக்கியிருக்கும் என்று வள்ளத்துக்காரர்கள் சொன்னார்கள். விசைப்படகிலும் அவன் இல்லை. பொழுது சாயும்வரை தேடினார்கள். மூன்றாம் நாள் ஆலந்தலைப் பக்கம் ஒதுங்கினான். மிதவையில் திரும்பும்போது பாய் கட்டிய கட்டை வீசி மண்டையில் அடித்திருக்கும், அந்த நிமிஷமே உயிர் போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

அடக்கம் முடிந்த பிறகே அந்த ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டேன். சிவப்பு விளக்கில், ஸ்டாண்டில் வைத்து எடுத்த முதல் படம் தட்டில் எழும்பி வந்தது. வள்ளம் மிதவையைச் சுற்றுகிறது. பாயின் தையல்கூடத் தெரிகிறது. பலகையின் நுனி காலி. வலது கீழ் மூலையில், தண்ணீரில் ஒரு தலை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கையைத் தூக்கியிருந்தான். வாய் திறந்திருந்தது. பாலத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறான். அடுத்த படத்திலும் கை. அதற்கடுத்ததிலும். நாலாவதில் வெறும் தண்ணீர். ஐயோ, எவ்வளவு தெளிவு! ஒரு மயிரிழை ஆடியிருந்தால் அது தலையா நுரையா என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அன்றிலிருந்து எந்தப் படம் கையில் வந்தாலும் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு அவன் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல அவுக படம் ஒண்ணுகூட இல்ல. நீங்க எடுத்ததுல எங்கயாச்சும் இருக்காகளா?"

கையில் பிடித்து எடுத்த அந்த ஆடிய படத்தைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"முகம் தெரியலையே."

"கை ஆடிட்டும்மா."

"சிரிக்காக" என்றாள். அவளுக்குத் தெரிந்தது.

பிறகு என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "கட்டை அடிச்சு ஒடனே போயிட்டாகன்னு எல்லாரும் சொல்லுதாக. நெசந்தானா அண்ணாச்சி? நீங்க அந்தக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

அவள் கைக்குக் கீழே, மேசை இழுப்பறையில், அந்த மூன்று படங்களும் கிடந்தன.

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். ஒடனே போயிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கடைசி நேரத்துல ஒருத்தராவது அவுகளப் பாத்துக்கிட்டு இருந்தியளே. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

நான் பார்க்கவில்லை. அவன் மூன்று தடவை கையைத் தூக்கியபோது நான் கடலை தின்றுகொண்டிருந்தேன். கண்ணை வைக்காமலே படம் எடுப்பது எப்படி என்று குமாஸ்தாவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.