சிலிர்க்காத மீன்

“…சிலிர்க்கலையேக்கா. இது சரின்னு சொல்லாம நான் எப்டி கத்தி வெக்கிறது?” என்றாள் காவேரி. ஜப்பானின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலை. எங்கள் பயிற்சியின் கடைசித் தேர்வு அன்று. அரை மணி நேரத்தில் இருபது மீனை அறுத்துத் துண்டு போடவேண்டும். பத்தொன்பதை முடித்துவிட்டாள். இருபதாவதின் மேல் தொட்டித் தண்ணீரைத் தெளித்துவிட்டு நிற்கிறாள்.

நான் சின்னசேலத்துக்காரி, அவள் வெள்ளிமலைக்கும் மேலே. கள்ளக்குறிச்சிப் பயிற்சிக் கூடத்தில் ஐஸ் பெட்டி மீனை ஒன்றாக அறுத்துப் பழகினோம். அதுவரை இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை. அங்கேயே ஒவ்வொரு மீனுக்கும் தண்ணீர் தெளிப்பாள். “இன்னாடி, மீனுக்குத் தீர்த்தமா?” என்றால், “சும்மா ஒரு மரியாதிக்கிக்கா” என்று சிரிப்பாள். சாமிக்கு விடுகிற ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றி, அது உடம்பைச் சிலிர்த்தால்தான் வெட்டுவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததா. நாங்கள் ஆடு சிலிர்க்கிற வரைக்கும் குடம் குடமாக ஊற்றுகிற சனம். அவள் ஊரில் ஒருமுறை பொழுது சாயும்வரை ஆடு சிலிர்க்கவில்லையாம். அவிழ்த்து விட்டுவிட்டு, கறியில்லாமல் வூட்டுக்குப் போனார்களாம்.

கள்ளக்குறிச்சியில் எந்த மீனும் அசைந்ததில்லை. இங்கே அசைந்தது. அப்போதுதான் கொன்ற மீன். கடல்தண்ணீர் பட்டதும் தோல் நெளியும். தலை போய், தட்டில் அடுக்கிய துண்டுகள்கூட வரிசையாகத் துடிக்கும். முதல்நாள் நான் கத்தியைக் கீழே போட்டேன். உப்பு, நரம்பு என்று படம் போட்டு விளக்கினார் பயிற்சி தரும் மோரி அம்மா. காவேரி கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: “உப்போ நரம்போ, நான் கேட்டேன், அது சரின்னுச்சு.” அன்றிலிருந்து அவள் அதைச் சும்மா செய்யவில்லை. மீன் புதுசா என்று சோதிக்கிறாளென நினைத்த மோரி அம்மா, அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி மற்றவர்களுக்குச் சொன்னார்.

இப்போது மூன்றாம் முறை தெளித்தாள். மீன் அப்படியே கிடந்தது. இவள் தேறினால்தான் இவள் தங்கச்சிக்கு அடுத்த பேட்சில் இடம். தோற்றால் வரும் வாரமே ஊருக்கு விமானம்.

“அது செத்த மீனுடி. டைம் போய்க்கினே கீது, வையி கத்திய.”

“மத்ததுங்களும் செத்ததுதானேக்கா.”

மீன் கெட்டுவிட்டதோ என்று நினைத்த மோரி அம்மா, வேறொன்றைக் கொண்டுவந்து மாற்றப் பார்த்தார். காவேரி வாலை விடவில்லை. கேட்டுவிட்டதை எப்படிப் பாதியில் விடுவது என்பதுபோலப் பிடித்திருந்தாள். பின்னால் இருந்த தட்டுகளில் பத்தொன்பது மீனின் துண்டுகள் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தன.

காவேரி கத்தியைக் கீழே வைத்தாள். தொப்பியைக் கழற்றினாள். பனிக்கட்டி மிதந்த கடல்தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளித் தன் பிடரியில் ஊற்றிக்கொண்டாள். உச்சியிலிருந்து கால்வரை அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு கத்தியை எடுத்து மீனின் செவுளுக்குப் பின்னால் வைத்தாள்.